செக்குபந்தி போட்டுக்கொண்ட ஊசி

உலகத்தில் எல்லோரும் எங்காவது ஓரிடத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் நான்கு பக்கமும் எல்லை சொல்லிவிட்டு இருந்தவர், எனக்குத் தெரிந்து, செக்குபந்தி ஒருவர்தான்.

வீடு, மனை, நிலம் எதை வாங்கினாலும் பத்திரத்தில் அதற்கு நான்கு எல்லை எழுதுவார்கள். இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் தோப்புக்குத் தெற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு, ரோட்டுக்கு மேற்கு. இதற்குப் பெயர்தான் செக்குபந்தி. நம்மாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திர ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவர். எழுதி எழுதி அது விரலை விட்டு நாக்குக்கு ஏறிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் லைசென்ஸ் அட்டையில் இருந்தது. அதை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

போன் செய்து, "எங்கய்யா இருக்க?" என்று கேட்டுவிட்டால் போதும்.

"டீக்கடைக்கு மேற்கு, வேப்பமரத்துக்குக் கிழக்கு, சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தெற்கு, ரோட்டுக்கு வடக்கு. இதுக்குள்ள நிக்கறேன். வாங்க."

மகள் கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்குச் செக்குபந்தி போட்ட ஒரே தகப்பன் அவர். சம்பந்தி வீட்டார் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்து மஞ்சள் தடவி வைத்தார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர்கூட அன்றைக்கு வழி தவறவில்லை. ஒருமுறை வயிற்றுவலி என்று டாக்டரிடம் போனவர், "தொப்புளுக்கு வடக்கு, கடைசி எலும்புக்குத் தெற்கு" என்று ஆரம்பித்திருக்கிறார். டாக்டர் ஸ்கேன் எழுதவில்லையாம். அவசியப்படவில்லை என்றாராம்.

நான் அதே மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் உட்கார்ந்தால் மருமகளின் வேலைகளில் குற்றம் கண்டுபிடிக்கத் தோன்றுகிறது என்பதால், நாலு பேர் நிம்மதிக்காகத் தினமும் காலையில் அவர் மேஜைக்குப் போய்விடுவேன். பேப்பர் படிப்பேன். பத்திரத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் கையெழுத்துப் போடுவேன். இரண்டாவது சாட்சி பக்கத்து ஜெராக்ஸ் கடை மேரி. எத்தனை பேருடைய வீட்டுக்கும் நிலத்துக்கும் நானும் மேரியும் சாட்சி என்று எங்களுக்கே தெரியாது.

செக்குபந்தி என்னை அழைப்பதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். பத்திர ஆபீஸ் திறந்திருக்கும் நேரம் முழுக்க நான் "சார்". ஆபீஸ் கதவைச் சாத்திய அடுத்த நிமிஷம் நான் "மச்சான்". அவர் மனைவி ராஜலட்சுமி என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடும். அந்த முறையில் மச்சான் சரிதான். ஆனால் ஆபீஸ் நேரத்தில் உறவு பேசுவது தொழிலுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. பகல் மூன்று மணிக்கு எனக்கு மயக்கம் வந்து சாய்ந்தபோதுகூட, "சார், சார்" என்றுதான் கன்னத்தில் தட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னா மச்சான், பயமுறுத்திட்ட" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு சாட்சி இல்லாத எதுவும் அவருக்குச் செல்லாது. வீட்டுக்குக் குக்கர் வாங்கினாலும் கேரண்டி அட்டையின் பின்னால் நானும் மேரியும் கையெழுத்துப் போடவேண்டும். சிகரெட்டை விட்ட கதைதான் இதில் உச்சம். பழைய பத்திரத் தூசியும் புகையும் சேர்ந்து அவர் நெஞ்சு எப்போதும் விசில் அடித்துக்கொண்டிருக்கும். சிகரெட்டை விடு என்று டாக்டர் சொன்னார், ராஜலட்சுமி சொன்னது, நான் சொன்னேன். ஒருநாள் தானே ஒரு தாளை எடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினார். 'சிகரெட்டின் மீது எனக்குள்ள சகல பாத்தியங்களையும் இன்று முதல் விட்டுக்கொடுத்து, இனி எனக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எங்களிடமும் வாங்கிக்கொண்டார். நானும் மேரியும் சிரித்தபடி போட்டோம். அன்றிலிருந்து அவர் சிகரெட்டைத் தொடவில்லை. எழுதிக் கொடுத்தபிறகு தொட்டால் அது அத்துமீறலாம்.

ஆனால் சிகரெட் அவரை விட்டதே தவிர, நெஞ்சு விசிலை விடவில்லை. வருஷம் தவறாமல் ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஒரு காய்ச்சல் வரும். மூன்றாம் நாள் மூச்சு வாங்கும். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. கொரோனாவுக்கு முந்தைய வருஷம் பதினோரு நாள் கிடந்தார். நான் பார்க்கப் போனபோது ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "ஜன்னலுக்குக் கிழக்கு, பாத்ரூமுக்கு வடக்கு" என்று கட்டிலுக்கு எல்லை சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைவிரல் நகமெல்லாம் நீலமாக இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம்தான் கொரோனா வந்தது. பத்திர ஆபீஸ் மூடி, திறந்து, டோக்கன் கொடுத்து, கயிறு கட்டி, என்னென்னவோ ஆயிற்று. வெளியே மேஜை போட்டிருந்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. செக்குபந்தியின் மேஜைக்குத் தெற்கே முப்பது வருஷமாக உட்கார்ந்திருந்த வடிவேலு ஒரு நாள் காய்ச்சல் என்று போனார். ஆறாம் நாள் தகவல் வந்தது. எடுத்துக்கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் என்று பார்க்கக்கூட யாரையும் விடவில்லை. அது கொரோனாவா வேறு காய்ச்சலா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து அவர் மகன் வந்து மேஜையையும் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் யாரோ போனில் இடம் கேட்டார்கள். செக்குபந்தி வழக்கம்போலச் சொன்னார்: "வடிவேலு மேஜைக்கு வடக்கு."

"இன்னாண்ணே, மேஜையே இல்ல. ஆளும் இல்ல" என்றாள் மேரி.

"பத்திரத்துல செத்தவங்கள எடுக்கக்கூடாது மேரி. காலஞ்சென்ற முனுசாமி நெலத்துக்கு வடக்குன்னு இன்னும் எழுதறேன். அவுரு போயி அறுபது வருசம் ஆவுது. அவுர எடுத்துட்டா பக்கத்து நெலம் எங்க இருக்குதுன்னே தெரியாமப் பூடும்."

மேரி மிஷினைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். ஜெராக்ஸ் எடுக்க அங்கே ஒரு தாளும் இல்லை.

புரட்டாசி பிறந்ததும் ராஜலட்சுமி எனக்குப் போன் செய்தது.

"அண்ணே, சிதம்பரத்து டாக்டரம்மா நேத்து பேசுனாங்க. மழைக்கு முன்னாடி ஃப்ளூ ஊசி ஒண்ணு போட்டுக்கணுமாம். போன ஐப்பசி மாதிரி ஒரு காய்ச்சல் இன்னொரு தபா வந்தா அவுரு நெஞ்சு தாங்காதுன்னு பட்டுனு சொல்லிட்டாங்க. இந்த வருசம் ஆஸ்பத்திரில கட்டிலும் கெடைக்காதாம், காய்ச்சல்னு போனாலே கொரோனா வார்டுல போட்டுடுவாங்களாம். இவுரு மாட்டேன்றாரு. நீங்க சொன்னா கேப்பாரு அண்ணே. போன வருசம் பதினோரு நாளு அந்த வராண்டாவுல படுத்தேன். இந்த வருசம் வராண்டாவுக்குள்ளகூட வுடமாட்டாங்க."

டாக்டரம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிதம்பரத்தில் நெஞ்சுநோய்க்குப் பார்ப்பவர். அவர் வீட்டுப் பத்திரம் செக்குபந்தி எழுதியது. தான் எழுதிய பத்திரத்தில் குடியிருப்பவர்களை மட்டுமே நம்புவது என்பது அவர் கொள்கை என்பதால், கடலூரில் இத்தனை டாக்டர் இருந்தும் பஸ் ஏறிச் சிதம்பரம் போவார்.

நான் மறுநாளே அவரிடம் போய்ப் பேசினேன். ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் பேசினால் எப்படியிருக்கும்? முன்னுரை, பொருள், பார்வை எல்லாம் வைத்துப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கொரோனாவுக்கே இன்னும் மருந்து வரல. இது எதுக்கு சார்?"

"இது கொரோனாவுக்கு இல்லய்யா. வருஷா வருஷம் உன்னைப் படுக்கவைக்குதே, அந்தக் காய்ச்சலுக்கு. அதுவும் இதுவும் சேந்து வந்தா?"

"முப்பது வருச வில்லங்கம் பாக்காம நான் எதையும் வாங்கமாட்டேன்."

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த ஊசி வந்து அதற்கும் மேலேயே வருஷம் ஆயிற்று என்றார் அவர். செக்குபந்தி அடுத்த கேள்வியை வைத்தார். "இத போட்டா ஜுரமே வராதுன்னு எழுதித் தருவீங்களாம்மா?"

"தரமாட்டேன். வராதுன்னு சொல்லவே மாட்டேன். வந்தாலும் போன வருஷம் மாதிரி உங்கள அடிச்சுப் போடாது. அவ்வளவுதான். கை ரெண்டு நாள் வலிக்கும். அடுத்த வருஷம் திரும்பப் போடணும்."

செக்குபந்தி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "வில்லங்கத்த மறைக்காம சொல்றாங்க. நல்ல பார்ட்டி" என்றார் மெதுவாக. பிறகு யோசித்தார். "வருசா வருசம் போடணும்னா அப்ப இது கிரயம் இல்ல, குத்தகை. கிரயம்னா புரட்டாசில ஆவாது. குத்தகைக்கு மாசம் பாக்கத் தேவையில்ல."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க போட்டுட்டீங்களா சார்?"

இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இதயத்தில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. இந்த ஊசி எனக்கும்தான் என்று என் டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் அந்தச் சீட்டை எல்.ஐ.சி. காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். காரணம் கேட்டால், கொரோனாவுக்கு ஊசி வரட்டும், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் பெரிய மனிதன்போலச் சொல்லிவந்தேன். நிஜமான காரணம் வேறு. எனக்கு ஊசி என்றால் பயம். ஆபீசில் நடந்த ரத்ததான முகாமை ஆரம்பித்துவைக்கப் போய், பாட்டிலைப் பார்த்தவுடனேயே மயங்கி விழுந்தவன் நான். சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போதுகூட மருமகள் என் கண்ணைப் பொத்திக்கொள்வாள்.

"போடப்போறேன்" என்றேன்.

"போடப்போறேன்னா அது ஒப்பந்தம். பத்திரம் இல்ல."

"சரிய்யா, நான் போட்டுக்கறேன். நீ மொதல்ல போடு."

"தனியா போட்டா செல்லாது சார். சாட்சி ரெண்டு பேரும் அதே நாளு, அதே எடத்துல போடணும். நீங்க ரெடின்னா நான் ரெடி. மேரி, உனக்கும் பி.பி. இருக்குதில்ல?"

கடைக்குள்ளிருந்து மேரி அலறினாள். "அய்யோ, நான் வரல அண்ணே! அந்த ஊசி போட்டா கை மரத்துப் பூடுமாம். எங்க கோயில் அக்கா வாட்ஸப்புல அனுப்பிச்சாங்க."

"அந்த அக்கா போட்டுகிச்சா?"

"இல்ல."

"அப்ப கேள்விப்பட்ட சாட்சி. செல்லாது."

மேரியை அவர் அரை மணி நேரத்தில் சம்மதிக்க வைத்துவிட்டார். ஜெராக்ஸ் மிஷினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணுகிறாயே, மிஷினை ஓட்டுகிறவளுக்கு வேண்டாமா என்றார். அவளும் புருஷனைக் கேட்டுக்கொண்டு வந்து சரி என்றுவிட்டாள். ஆகவே பாக்கி இருந்தது ஒரே ஆள்.

நான் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொன்னேன். திங்கள்கிழமை சர்க்கரை ஜாஸ்தி. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை என்பதாலேயே வேண்டாம். புதன்கிழமை பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு. அது அவன் வகுப்பு என்பதை யாரும் சுட்டிக்காட்டவில்லை. இப்படியே பதினாறு நாள் தள்ளினேன். செக்குபந்தி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. காலையில் நான் போனதும், "இன்னைக்கு சார்?" என்பார். நான் இல்லையென்று தலையாட்டியதும் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுவார்.

பதினேழாம் நாள் மழை வந்தது. முதல் மழை. மண் நனைந்த வாடைக்கே அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சு இழுத்தார். மாஸ்க் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. மேரி ஓடிவந்து முதுகைத் தடவினாள். அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. வடிவேலு மேஜை இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தைந்து வயது மனிதன் ஒரு ஊசிக்குப் பயந்துகொண்டு, தன் சிநேகிதனின் மூச்சை அடகு பிடித்து வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் காலண்டருக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்தேன். ராஜலட்சுமிக்குப் போன் செய்து, "நாளைக்குப் போறோம்மா" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை மூன்று பேரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் பெருக்கல் குறி ஒட்டியிருந்ததால் தனித்தனியாக உட்கார்ந்தோம். செக்குபந்தியின் ஒரு கையில் இன்ஹேலர், ஒரு கையில் பிளாஸ்டிக் ஃபைல். குடிகாடு கெமிக்கல் ஃபேக்டரிகள் வரும்போது மாஸ்க்கின் மேல் துண்டையும் சுற்றிக்கொண்டார். அவருக்கு எந்த வாசனையும் ஆகாது, ஊதுபத்திகூட. ஆலப்பாக்கம் தாண்டியதும் துண்டை எடுத்துவிட்டு, ராஜலட்சுமிக்குப் போன் போட்டு, தான் எந்த இரண்டு பெருக்கல் குறிகளுக்கு நடுவில் இருக்கிறேன் என்று விளக்கினார்.

கிளினிக்கில் ஃப்ரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து வைத்துவிட்டு, நர்ஸ் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினாள். செக்குபந்தி அதைப் படித்தார். முகம் இருண்டது.

"இன்னாம்மா இது? எதிர்காலத்துல எது ஆனாலும் நான் பொறுப்புன்னு போட்டிருக்கு. சொத்து எதுன்னே போடல. எந்தக் கைன்னு இல்ல. எல்லை இல்ல. ஒரே ஒரு கையெழுத்து. இதுல யாரு இன்னா எழுதினாலும் செல்லுமே!"

ஃபைலைத் திறந்தார். முந்தின இரவே தயார் செய்துகொண்டு வந்திருந்தார். பச்சைத் தாளில் முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு பக்கம். டாக்டரம்மா அறையிலிருந்து வெளியே வந்து அதைச் சத்தமாகப் படித்தார். அதில் ஒரு பகுதி எனக்கு இன்னும் மனப்பாடம்.

'மேற்படி நபரின் இடது கை. இதற்குச் செக்குபந்தி: நெஞ்சுக்கு வடக்கு, சுவருக்குத் தெற்கு, முதுகுக்குக் கிழக்கு, ஜன்னலுக்கு மேற்கு. மேலே தோள், கீழே முழங்கை. இதற்குள்பட்ட இடத்தில், சிறு வயதில் அம்மை குத்திய தழும்பு நீக்கி, மீதியில் ஒரு ஊசி மட்டும். குத்தகைக் காலம் ஒரு வருஷம்.'

"தழும்பு எதுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"அது மூலப்பத்திரம்மா. மேல எழுதக்கூடாது."

டாக்டரம்மா சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். செக்குபந்தி சட்டையைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் பஞ்சை நனைத்தாள். திடீரென்று அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இரும்மா. இது எந்த தெச?"

"எது?"

"நான் பாத்துகினு இருக்கறது."

"மேற்கு சார்."

செக்குபந்தி முப்பது வருஷமாகக் கிழக்கே பார்த்து உட்கார்ந்து எழுதியவர். கிழக்கே பார்த்தால் இடது கை நெஞ்சுக்கு வடக்கே இருக்கும். மேற்கே பார்த்தால் தெற்கே போய்விடும். பத்திரத்தின்படி இப்போது வடக்கே இருந்தது வலது கை.

அவர் முகத்தில் அப்படியொரு கலக்கத்தை நான் பார்த்ததில்லை. தொழிலில் வந்த முதல் தப்பு. "நெலம் திரும்பாது சார்" என்றார் என்னிடம் ஈனமான குரலில். "கை திரும்பும். அத நான் யோசிக்கல."

"வலது கையிலயே போட்டுடலாமே அண்ணே" என்றாள் மேரி.

"பத்திரத்துல இடதுன்னு இருக்கு."

"அப்ப பத்திரத்தத் திருத்திடுங்க."

"அடிச்சுத் திருத்துன பத்திரத்துக்கு நான் சாட்சி கேக்கமாட்டேன்."

டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அந்தக் கனத்த நாற்காலியை, அவர் உட்கார்ந்தபடியே, கிழக்கே பார்த்துத் திருப்பினார்கள். வெளியே காத்திருந்தவர்கள் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். செக்குபந்தி ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையாட்டினார். "இப்ப சரி. போடும்மா."

ஊசி ஏறியது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அடுத்து மேரி. மாதாவே மாதாவே என்று ஆரம்பித்து மூன்றாவது மாதாவுக்குள் முடிந்துவிட்டது. கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "மரத்துப் போவல" என்று கோயில் அக்காவுக்கு அங்கேயே வாட்ஸப் அனுப்பினாள்.

அடுத்து நான்.

சர்க்கரை இன்றைக்கு ஜாஸ்தி என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டரம்மா. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கால் கதவுப் பக்கம்தான் போனது. கிழக்கே பார்த்த அந்த நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் செக்குபந்தி வந்து நின்றார். நான்கு அடி நடந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு போய் உட்காரவைத்தார். தன் உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்தினார்.

"பயப்படாத மச்சான். நான் இருக்கேன்."

அவர் விரல் இடுக்கில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது. பதினொன்றரை மணி. கடலூரில் பத்திர ஆபீஸ் திறந்திருக்கும் நேரம்.

ஊசி எப்போது போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும், பெருக்கல் குறிக்கு அந்தப்பக்கம் இருந்தபடியே அவர் என்னிடம் பேசினார். மறுபடி நான் சாராகியிருந்தேன்.

"எனக்கு ஊசின்னா பயமில்ல சார். ராஜி சொன்ன அன்னைக்கே போட்டிருப்பேன். உங்களுக்குத்தான் ஸ்டென்ட், சுகரு, எல்லாம் இருக்கு. நீங்க போடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நான் மட்டும் போட்டுகினு குத்துக்கல்லாட்டம் இருந்து, வடிவேலு மாதிரி நீங்களும் பூட்டீங்கன்னா, அப்புறம் எனக்கு யாரு சாட்சி?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கை வலித்தது. அது நல்லதாகப் போயிற்று. கண்ணில் தண்ணீர் வருவதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த ஐப்பசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் கஞ்சி குடித்துவிட்டு மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி இல்லை, வராண்டா இல்லை. ராஜலட்சுமி எனக்குப் போன் செய்து, தீபாவளிக்கு அவர் வீட்டில் இருப்பது எத்தனையோ வருஷம் கழித்து இதுதான் முதல் தடவை என்றது. பிற்பாடு கொரோனா ஊசி வந்தபோது, அதையும் மூன்று பேரும் சேர்ந்தே போட்டுக்கொண்டோம். அதற்குப் பத்திரம் எழுதவில்லை. அது அரசாங்கப் புறம்போக்கு, ஊருக்கே பொது என்றுவிட்டார்.

ஃப்ளூ ஊசிக்கு மட்டும் வருஷா வருஷம் புரட்டாசியில் சிதம்பரம் பஸ். இரண்டாம் வருஷத்திலிருந்து நாங்கள் போவதற்கு முன்பே நர்ஸ் நாற்காலியைக் கிழக்கே திருப்பி வைத்துவிடுவாள். முதல் வருஷத்தோடு சேர்த்து மூன்று வருஷம் குத்தகை ஓடியது. மூன்று வருஷமும் என் கண்ணைப் பொத்தியது அவர் கைதான்.

நான்காவது புரட்டாசிக்கு அவர் இல்லை. மழையில்லை, காய்ச்சலில்லை. நல்ல சித்திரை வெயிலில், மத்தியானம் மோர் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். நுரையீரல் கடைசிவரை அவரைக் கைவிடவில்லை என்று டாக்டரம்மா சொல்லி அழுதார். நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம், தோள்கொடுத்துத் தூக்கினோம். வடிவேலுவுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது.

இந்த வருஷம் நானும் மேரியும் போனோம். நாற்காலி கிழக்கே பார்த்துத்தான் இருந்தது. யாரும் சொல்லவில்லை, நர்ஸ் அவளாகவே திருப்பி வைத்திருக்கிறாள். வெளியே காத்திருக்கும் பெஞ்சில் அவர் உட்காரும் வடக்கு ஓரத்தை விட்டுவிட்டு நானும் மேரியும் உட்கார்ந்தோம். கூட்டம் இருந்தும் அந்த இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. ஒருவர் என்னை முறைத்துக்கொண்டே நின்றார். நிற்கட்டும்.

என் முறை வந்தது. கண்ணை நானே மூடிக்கொண்டேன். வலித்தது. வலிக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுபடி பெஞ்சுக்கு வந்தபோது ராஜலட்சுமியின் போன்.

"ஊசி போட்டாச்சா அண்ணே? எங்க இருக்கீங்க?"

மணி பதினொன்றரை. ஆபீஸ் நேரம்தான். நான் சுற்றும் முற்றும் பார்த்துச் சொன்னேன்.

"மருந்து அலமாரிக்குக் கிழக்கும்மா. மேரிக்கு வடக்கு. வாசல்படிக்கு மேற்கு."

மூன்று எல்லைதான் ஆகியிருந்தது. நாலாவதற்கு ராஜலட்சுமி காத்திருந்தது.

"மச்சானுக்குத் தெற்கு."